எந்த ஓ.டி.?

பிரிசில்லாவின் வேலை நிலைக்குமா போகுமா என்பது ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவாக வேண்டியிருந்தது. அன்று காலை அவளை அதிகம் திட்டியது யார் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டாலும் என் பெயரைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும். திட்டியவன் என்பதால் அவளைப் பற்றி எழுதும் கடமையும் எனக்குத்தான் இருக்கிறது.

என் பெயர் சபேசன். சிதம்பரத்தில் தெற்கு வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் எங்கள் ஆஸ்பத்திரியின் லேப் இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக நான்தான் அதற்குப் பொறுப்பு. ஆஸ்பத்திரி இருப்பதோ கடலூர் மஞ்சக்குப்பத்தில். ஆரம்பித்த டாக்டர் சிதம்பரத்துக்காரர். முதலில் லேப் வைத்தார், பிறகுதான் ஆஸ்பத்திரி கட்டினார். அதனால் கடலூரில் எடுக்கிற ரத்தம் மாலை வேனில் சிதம்பரம் வரும், மறுநாள் காலை ரிப்போர்ட்டாகக் கடலூருக்குத் திரும்பும். இவை தவிர கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில், சின்னதாக ஒரு கிளினிக்கும் உண்டு.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ரத்தம் உறைகிற நேரத்துக்குள் எனக்குக் கோபம் வந்து, கத்தி முடித்து, காப்பியும் கேட்டுவிடுவேன் என்பாள் என் மனைவி ஜகதாம்பாள். உண்மைதான். அன்று மட்டும் கோபம் தணியப் பத்து மணி வரை ஆயிற்று. தணிந்த பிறகு காப்பி இறங்கவில்லை.

அன்றைய ஆபரேஷன் நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை நாங்கள் 'அவசரம்' என்று தனியாக அனுப்புவோம். என் கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்தினால் லேப் சர்வரிலிருந்து கடலூர் சர்வருக்குப் போகும். போனதும் பச்சை டிக் விழும். அதன் பிறகும் நான் போனை எடுத்து, ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் விருத்தாம்பாளிடம் முக்கியமான எண்களைப் படித்துச் சொல்லிவிடுவேன். பச்சை டிக் விழுந்த பிறகு இது தேவையில்லைதான். ஆனாலும் ஒரு மரியாதை. இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

பிரிசில்லா எங்களிடம் வந்தது போன ஜூனில். மூன்று இடத்துச் சர்வர்களையும் பார்த்துக்கொள்கிற வேலை. ஆறு மாதம் தகுதிகாண் காலம், சரியாகப் போனால் டிசம்பரில் நிரந்தரம்.

அவளுக்கு ஊர் மேல்பட்டாம்பாக்கம். அப்பா பொன்னுரங்கம் கரும்பு லோடு ஏற்றுகிறவர். பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரப் போன அன்றுதான் அவள் பெயரில் கோளாறு இருப்பது தெரிந்ததாம். மதிப்பெண் பட்டியலில் அவள் பெயரை அடித்த புண்ணியவான் இங்கிலீஷில் ஒரு எஸ்ஸையும் ஒரு எல்லையும் விழுங்கிவிட்டார். சாதிச் சான்றிதழில் பெயர் முழுசாக இருந்தது. இரண்டும் ஒருவர்தானா என்று தெரியவில்லை, திருத்திக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், கல்வி ஆபீஸ், நோட்டரி வக்கீல் என்று ஒரு வருஷம் அலைந்திருக்கிறாள். முதல் மூன்று நடை அப்பா வேலையை விட்டுவிட்டுக் கூட வந்தார். நான்காவது நடைக்கு, "நீ வராதப்பா, எனக்கு வழி தெரிஞ்சிபோச்சு" என்று பிளாஸ்டிக் பையில் காகிதங்களைப் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். ஒரு கிளார்க் இரக்கப்பட்டு, "ரெண்டு எழுத்துதானேம்மா, இதுக்குப் போயி இப்படி அலையறியே. மார்க் ஷீட்ல இருக்கிற பேரையே வெச்சிக்கயேன்" என்றாராம்.

"ரெண்டு எழுத்து கொறைஞ்சா அது வேற ஆளு சார். அந்த ஆளுக்கு நான் எதுக்கு மார்க் வாங்கித் தரணும்?" என்று இவள் கேட்டாளாம். பதினெட்டு வயசுப் பெண் கேட்கிற கேள்வியா இது? அவளே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை, அந்தக் கிளார்க்கின் மேல் பரிதாபம்தான் வந்தது.

அடுத்த வருஷம் சரியான பெயரோடு தேவனாம்பட்டினத்துக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தாள். பிறகு சென்னையில் ஆறு வருஷம், யார் யாருடைய சர்வர்களையோ காவல் காக்கிற கம்பெனி ஒன்றில் வேலை. லோடு ஏற்றும்போது கரும்புக் கட்டு சரிந்து அப்பாவின் முழங்கால் போனதும் ஊருக்கே வந்துவிட்டாள். தினமும் ஸ்கூட்டியில் நெல்லிக்குப்பம் வழியாகக் கடலூர் வருவாள். ஒல்லியான உருவம், சத்தமில்லாத பேச்சு. பார்த்தால் அதட்டினால் அடங்கிவிடுவாள் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் பஸ் பிடித்துச் சிதம்பரம் லேபுக்கு வந்தாள். ஒரு நீள நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தாள். லேப் சர்வரிலிருந்து வெளியே போகிற வழிகள் மொத்தம் ஆறு. எதிலிருந்து எதற்கு, என்ன போகிறது, அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள வேண்டியவர் யார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. நான் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "என்னம்மா, மளிகை லிஸ்டா?" என்றேன்.

"சார், ஒரு நிமிசம் பாக்கறீங்களா? இங்கேருந்து போற ஆறு வழியிலயும் ஒரே டிக் போட்டு வெச்சிருக்காங்க. எதிர்ப்பக்கத்த சோதிக்க வேணாம்னு."

"போட்டா என்ன? போறதெல்லாம் பூட்டித்தான் போவுது, நடுவுல எவனும் படிக்க முடியாதுன்னு மாட்டிக் குடுத்தவனே சொன்னானே."

"பூட்டித்தான் போவுது சார். யாருகிட்ட போவுதுன்னுதான் பாக்கறதில்ல. யாரு கைய நீட்டுனாலும் பூட்டையும் சாவியையும் சேத்துக் குடுத்துடும்."

சர்வர்களுக்கும் சான்றிதழ் உண்டாம். 'நான் இன்னார்' என்று அதில் பெயர் எழுதி, நம்பகமான ஒருவர் முத்திரை போட்டிருப்பாராம். அனுப்புகிற சர்வர் முதலில் அந்தச் சான்றிதழை வாங்கி, முத்திரை சரியா, நான் தேடி வந்த பெயர்தானா என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்க வேண்டுமாம். எங்கள் சர்வருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. எதிரே எவர் இருந்தாலும் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்து பச்சை டிக் போட்டுக்கொண்டிருந்தது.

"மூணு வருஷமா நல்லாத்தானேம்மா போயிக்கிட்டிருக்கு?" என்றேன்.

"நல்லா போவுதுன்னு யாரு சார் சொன்னா?"

"பச்ச டிக் சொல்லுதே!"

"அது போயிடுச்சுன்னுதான் சொல்லும். எங்க போச்சுன்னு சொல்லாது."

சரி, உன் இஷ்டம்போல் செய், ஆனால் என் வேலை ஒரு நிமிஷம் நிற்கக் கூடாது என்று எச்சரித்து அனுப்பினேன். நவம்பர் முதல் வாரம் சனிக்கிழமை அவள் எல்லா சர்வருக்கும் புதிதாகச் சான்றிதழ் செய்தாள். சுருக்கெழுத்தே வைக்காமல், எந்த ஊர், எந்தக் கட்டடம், எந்தப் பிரிவு என்று முழுப் பெயராகவே எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை, ஆபரேஷன் இல்லாத நாளாகப் பார்த்து, ஆறு வழியிலும் அந்த டிக்கை எடுத்துவிட்டுச் சோதனையைப் போட்டாள். ஐந்து வழிகளில் அன்றைக்கே ரிப்போர்ட்டுகள் போயின, ஒரு தடங்கலும் இல்லை. ஆறாவது, அவசர ரிப்போர்ட் போகிற வழி. ஞாயிற்றுக்கிழமை அதில் அனுப்ப ஒன்றும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. வெளியே நல்ல மழை. அன்று நான்கு ஆபரேஷன்கள், முதலாவது பதினொன்றரைக்கு. பொத்தானை அழுத்தினேன். பச்சைக்குப் பதிலாகச் சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது: 'பெயர் பொருந்தவில்லை. அனுப்பப்படவில்லை.' இன்னொரு முறை அழுத்தினேன். அதே சிவப்பு. மூன்றாவது முறை மேஜையையும் சேர்த்து அடித்தேன்.

போனில் அவளைப் பிடித்தேன். என்னென்ன பேசினேன் என்று முழுக்க எழுத வெட்கமாக இருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததில் எதற்குக் கையை வைத்தாய், சென்னையில் படித்த வித்தையை நோயாளிகள் மேல் காட்டுகிறாயா என்றெல்லாம் கேட்டேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், தியேட்டருக்கு எப்பவும்போல போன்ல சொல்லிடுங்க. நான் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். நான் சொல்லிவிட்டுத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அது எனக்கே அப்போது உறைக்கவில்லை.

அதோடு விட்டேனா? நிர்வாக அலுவலர் திருநாவுக்கரசுக்கும் போன் போட்டேன். அவரை ஏ.ஓ. என்போம். நல்ல மனிதர்தான், எந்தப் பிரச்சினையையும் அது இருக்கிற இடத்திலேயே துணி போட்டு மூடிவிட வேண்டும் என்கிற ரகம். மாடியிலிருந்து இறங்கி நேராக அவள் அறைக்கே போய், போனை ஸ்பீக்கரில் போட்டு என்னையும் சேர்த்துக்கொண்டார்.

"அந்த டிக்க திரும்பப் போடும்மா. மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

"போடமாட்டேன் சார்."

போனுக்கு இந்தப் பக்கம் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏ.ஓ.வுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"என்னம்மா சொன்ன?"

"அங்க இருக்கறது தியேட்டர் இல்லன்னு சர்வர் சொல்லுது சார். அது பொய் சொல்லுதுன்னா என் வேலையில தப்பு, நான் கண்டுபுடிச்சுத் திருத்தறேன். நெஜம்னா, அந்த டிக்க போட்டா தெரிஞ்சே யாருக்கோ நோயாளிங்க ரிப்போர்ட்ட குடுக்கறோம். போட்டே ஆவணும்னா வேற யாரையாவது வெச்சுப் போட்டுக்கங்க. பாஸ்வேர்ட இப்பவே எழுதித் தரேன். என் கையால போடமாட்டேன்."

"பதினோரு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள சரியாவலன்னா நானே ஆள வெச்சு டிக் போட்டுக்கறேன். நீ பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பலாம். கன்ஃபர்மேஷன் பத்தி அப்புறம் என்கிட்ட வந்து நிக்காத."

"சரி சார்" என்றாள். குரல் நடுங்கியது, நான் கேட்டேன். அந்த நடுக்கத்தோடுதான் சரி என்றாள்.

அடுத்த ஒரு மணி நேரம் அவள் சந்தேகப்பட்டது தன்னைத்தான். சனிக்கிழமை செய்த சான்றிதழில் எழுத்து ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்திருக்கிறாள். தியேட்டர் சான்றிதழைத் திரும்பச் செய்து போட்டுப் பார்த்திருக்கிறாள். எனக்கு இரண்டு முறை போன் செய்து, "இப்ப அனுப்பிப் பாருங்க சார்" என்றாள். இரண்டு முறையும் சிவப்பு. இரண்டாவது முறை நான், "மணி ஒம்போதரை" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். அப்படி வைத்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் அவள் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து, படியிறங்கி, தியேட்டர் வாசலில் போய் நின்று விருத்தாம்பாளைக் கூப்பிட்டாள். கேட்டது ஒரே கேள்வி.

"சிஸ்டர், கடைசியா அவசர ரிப்போர்ட்டு உங்க ஸ்கிரீன்ல எப்ப வந்துச்சு? சனிக்கிழம காலையில வந்துச்சா?"

"ஸ்கிரீன்லயா? ஸ்கிரீன்ல எங்கம்மா வருது. சபேசன் சார்தான் தெனம் போன்ல சொல்லுவாரே. நான் கையில எழுதிக்கிட்டுப் போயி போர்டுல போடுவேன்" என்று உள்ளங்கையைக் காட்டினாளாம் விருத்தாம்பாள். அன்றைய நான்கு பேரின் எண்களும் நீல மையில் அதில் இருந்தன.

"ஒருநாள்கூட வந்ததில்லையா?"

"வராதும்மா. அவசர ரிப்போர்ட்டுன்னா போன்ல வர்றது. அதான வழக்கம்."

மூன்று வருஷம்! பச்சை டிக் விழுந்ததால் போய்ச் சேர்ந்தது என்று நான் நினைத்தேன். போனில் வருவதால் அதுதான் ஏற்பாடு என்று அவர்கள் நினைத்தார்கள். நான் மரியாதைக்குச் செய்கிறேன் என்று நினைத்த போன்தான் ஆபரேஷன்களையே நடத்திக்கொண்டிருந்தது. எங்களில் ஒருத்தருக்கும் ஒருத்தரை ஒருத்தர் கேட்கத் தோன்றவில்லை.

பிரிசில்லா ஓடி வந்து உட்கார்ந்தாள். அப்படியானால் லேப் சர்வர் மூன்று வருஷமாகக் கொடுத்துவிட்டு வந்தது யாரிடம்? அந்த விலாசத்தைத் தட்டி, 'உன் சான்றிதழைக் காட்டு' என்று கேட்கிற கட்டளை ஒன்று இருக்கிறதாம். கேட்டாள். அந்தப் பக்கத்துச் சர்வர் ஒளிக்காமல் காட்டியது. சனிக்கிழமை இவளே செய்து கொடுத்த சான்றிதழ்தான். பெயர்: கடலூர் முதுநகர் கிளினிக்.

இதை மாட்டிக் கொடுத்த ராபர்ட் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான். அவன் எண்ணைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். "அக்கா, நானா போடல. சபேசன் சாருகிட்ட போன்ல கேட்டேன். அவசர ரிப்போர்ட்டு எங்க போவணும் சார்னு. ஓ.டி.க்குன்னாரு. ஓ.டி.ல போட்டேன்" என்றான் ராபர்ட்.

ராபர்ட் பிறந்து வளர்ந்தது கடலூர் முதுநகர். கடலூரில் பிறந்த எவரிடமும் ஓ.டி. என்று சொல்லிப் பாருங்கள், பழைய ஊரான முதுநகரைத்தான் காட்டுவார்கள். அது ஓல்ட் டவுன், ஓ.டி.; மஞ்சக்குப்பமும் திருப்பாதிரிப்புலியூரும் நியூ டவுன், என்.டி. பஸ்ஸில் அப்படித்தான் கூவுவார்கள், தபாலில் அப்படித்தான் எழுதுவார்கள். நான் லேப் ஆள். எனக்கு ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர். மாதம் இரண்டு தடவை அந்த ஓ.டி. வழியாகவே பஸ்ஸில் போகிறவன், ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதை யோசிக்கவே இல்லை.

பத்து மணிக்கு அவள் போன் வந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சார், மூணு வருஷம் முந்தி ராபர்ட்டுகிட்ட ஓ.டி.ன்னு சொன்னீங்களா?"

"ஆமாம். தியேட்டருக்குன்னு."

"தியேட்டர்னு சொன்னீங்களா, ஓ.டி.ன்னு சொன்னீங்களா?"

"ஓ.டி.ன்னுதான்" என்றேன்.

"சரி சார்" என்று வைத்துவிட்டாள். பத்து இருபதுக்கு விலாசத்தை மாற்றினாள். சோதனையில் கை வைக்கவில்லை. நான் பொத்தானை அழுத்தினேன், பச்சை விழுந்தது. இந்த முறை அந்தப் பச்சையை நம்பாமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டே நிமிஷத்தில் விருத்தாம்பாள் கூப்பிட்டாள். "சார், ஸ்கிரீன்ல வந்துடுச்சு! நாலு பேருதும் வந்துடுச்சு!" என்று சின்னப் பிள்ளைபோலக் கத்தினாள். பதினொன்றுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிரிசில்லா அதோடு விடவில்லை. மூன்று வருஷ ரிப்போர்ட் முதுநகரில் என்ன ஆயிற்று என்று பார்க்க மழையோடு மழையாக ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டாள்.

ஒரு மணிக்கு, நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தபோது, ஏ.ஓ. என்னைப் போனில் கூப்பிட்டார். குரல் தேனாக இருந்தது. "நிர்வாகக் குழுவுக்கு ஒரு குறிப்பு அனுப்பணும் சார். புதுசா சேந்த பணியாளர் செஞ்ச மாத்தத்தால ரெண்டரை மணி நேரம் தடங்கல், இப்ப சரியாயிடுச்சுன்னு எழுதியிருக்கேன். நடந்ததும் அதானே? அந்தப் பொண்ணு வேற முதுநகர்லேருந்து போன் பண்ணி, தானும் எழுதறேங்குது. மூணு வருஷம், ஓ.டி., அது இதுன்னு. அதுக்கு ஆதாரம் ஒண்ணும் கெடையாது. ராபர்ட்டு எழுதித் தரமாட்டேன்னுட்டான். நீங்க சொன்னதா ஞாபகம் இல்லன்னு ஒரு வரி குடுத்துட்டீங்கன்னா போதும்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"ஆறு மாசத்துக்கு வந்தது. வேற எடம் கெடைக்கும். உங்களுக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கில்ல?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உண்மையாகவே யோசித்தேன். ஒரு போன் பேச்சு, மூன்று வருஷத்துக்கு முந்தியது, யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? ஞாபகம் இல்லை என்பது பொய்யென்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஜகதாம்பாள் வைத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. காலையில் போனில் கேட்ட அந்த நடுங்கிய 'சரி சார்' மட்டும் காதை விட்டுப் போகவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

கடலூர் வண்டி ஆலப்பாக்கம் தாண்டி முதுநகருக்குள் நுழைந்ததும், "ஓ.டி. எறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க" என்று கண்டக்டர் கூவினார். மஞ்சக்குப்பத்துக்கு டிக்கெட் எடுத்திருந்த நான் அங்கேயே இறங்கினேன்.

கிளினிக்கில் மத்தியானம் நோயாளிகள் இல்லை. வரவேற்பில் இருக்கிற இளமதி ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பிரிசில்லா தரையில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். துப்பட்டா இன்னும் காயவில்லை. எல்லாம் என் லேப் ரிப்போர்ட்டுகள். கிளினிக் சர்வர் ஒவ்வொன்றையும் வாங்கி, வரவேற்பில் இருந்த பிரிண்டரில் தானாகவே அச்சடித்துத் தள்ளியிருக்கிறது.

"மெயின் ஆஸ்பத்திரிலேருந்து நகல் அனுப்புறாங்கன்னு நெனச்சேன் சார்" என்றாள் இளமதி. "பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சா, வீணாக்க வேணாமேன்னு…"

பிரிசில்லா ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். தாளை நான்காக வெட்டியதில் ஒரு துண்டு. ஸ்கெட்ச் பேனாவில் 37 என்று போட்டிருந்தது. டாக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிற டோக்கன்.

திருப்பிப் பார்த்தேன். ஒரு பெண்ணின் பெயர் பாதி, வயது, கர்ப்பப்பை, சந்தேகத்துக்குரிய திசு என்று தொடங்குகிற ஒரு வரி. கீழே என் கையெழுத்து, கம்ப்யூட்டர் போடுகிற அதே பச்சை மைக் கையெழுத்து, தெளிவாக.

யாருடைய வியாதியையோ எழுதிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு யார் யாரோ இந்த பெஞ்சில் காத்திருந்திருக்கிறார்கள். பாதிப் பேர் குப்பைக்கூடையில் போட்டிருப்பார்கள், மீதிப் பேர் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். இது பக்கத்துத் தெருவில் இருக்கிற அக்காவின் பெயர்தானே என்று எத்தனை பேர் படித்தார்களோ. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வெட்டாதது இருநூத்திப் பதினாறு தாள் இருக்குது சார்" என்றாள் பிரிசில்லா. "வெட்டுனதுக்குக் கணக்கில்ல. சர்வர்ல பேரெல்லாம் இருக்குது. ஒவ்வொருத்தரையும் கூப்புட்டுச் சொல்லிடணும்னு எழுதியிருக்கேன். ஏ.ஓ. சாரு அனுப்ப மாட்டேங்கறாரு."

"உன் வேலையப் பத்தி என்ன எழுதியிருக்க?"

"அதப் பத்தி எழுத என்னா சார் இருக்குது? நடந்தத எழுதியிருக்கேன்."

அவள் எழுதியதை வாங்கிப் படித்தேன். முக்கால் பக்கம். என்னைத் திட்டி ஒரு சொல் இல்லை. 'அவசர ரிப்போர்ட் செல்ல வேண்டிய இடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டதில் குழப்பம் நேர்ந்துள்ளது' என்று ஒரு வரி, சொன்னவர் பெயர் இல்லாமல். கடைசியில், 'சனிக்கிழமை சான்றிதழ் மாற்றியபோது விலாசத்தையும் சரிபார்த்திருக்க வேண்டும், அதை நான் செய்யவில்லை' என்று தன் தவறை மட்டும் தன் பெயரோடு எழுதியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஏ.ஓ. கூப்பிட்டார். "யோசிச்சீங்களா சார்?"

"யோசிச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதத்தான் எழுதப் போறேன்."

"மெமோ உங்க பேருக்குத்தான் வரும்."

"வரட்டும்" என்றேன். கத்தவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அந்த மனிதருக்கு நான் கத்தாமல் மறுப்புச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மெமோ வந்தது. டிசம்பரில் பிரிசில்லாவுக்கு நிரந்தர ஆணையும் வந்தது. நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டோம். அதில் எனக்கு விழுந்த வசவுகளுக்கு முன்னால் நான் அன்று காலை அவளைத் திட்டியது ஒன்றுமே இல்லை. அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று அந்தக் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து அவளுடைய தாளின் கீழேயே எழுதினேன்: 'அவசர ரிப்போர்ட்டுகளை ஓ.டி.க்கு அனுப்பச் சொன்னது நான். எந்த ஓ.டி. என்று சொல்லவில்லை. போய்ச் சேர்ந்ததா என்று மூன்று வருஷமாகக் கேட்கவும் இல்லை.' எழுதிவிட்டு, "இது யாருக்குப் போவுது?" என்று அவளைக் கேட்டேன்.

"நேரா குழுத் தலைவருக்கு சார். அவர் கையிலயே குடுத்துட்டு, வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்து வாங்கிக்கிட்டுதான் வருவேன்."

இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்கே போகிறது என்று கேட்டுவிட்டுப் போட்டது அன்றுதான்.